தோட்டத்தில் பாரம், பட்டணத்தில் பணம்!

“ஒரு வெள்ளி கொடுத்தால் டாக்டர் பார்க்கிறார், ஊசி போடுகிறார், மருந்தும் கொடுத்து அனுப்புகிறார். உலகத்தில் வேறு எங்கே இப்படி உண்டு? தோட்டத் தொழிலாளிக்கு இன்னும் என்னதான் குறை?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. நிர்வாகத்தாருடன் பேச்சு வார்த்தைக்கு உட்கார்ந்து, வைத்திய வசதி என்று வாயெடுத்தால் போதும், எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து இந்தப் பல்லவி கிளம்பிவிடுகிறது. வேதனை என்னவென்றால், நம்மவர்களிலும் சிலர், பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து நாலு காசு கண்டவர்கள், இதையே பின்பாட்டாகப் பாடுகிறார்கள். குளுவாங் வட்டாரத்தில் அண்மையில் நடந்த ஒரு சம்பவம் இவர்களுக்குத் தக்க பதிலாக அமைந்திருக்கிறது. அதைச் சொல்லுமுன் சில பழைய கணக்குகளைப் பார்த்தாக வேண்டும்.

நாம் நவீன வைத்தியத்தின் விரோதிகள் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

காட்டை அழித்து ரப்பர் நட்ட நாளில் நம் முன்னோரைக் கொன்றவற்றுள் முதன்மையானது புலியும் அன்று, பாம்பும் அன்று, கொசு. 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மலேரியாக் காய்ச்சலின் கொடுமை தாங்காமல் இரண்டே மாதத்தில் மூட நேரிட்டது. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று 1897-இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்திருந்தார். அந்த அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு, கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்தார். குன்றுப் பகுதிகளிலோ வேறொரு சங்கடம். மரத்தை வெட்டிவிட்டதால் வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகியது. கரையோரத்தில் பலித்த வழி அங்கே பலிக்கவில்லை. ஆகவே ஓடையை நிலத்தடிக் குழாயில் மறைத்தார்கள். மறைக்க முடியாத நீரில் எண்ணெய் தெளித்தார்கள். காய்ச்சல் குறைந்தது.

டாக்டருக்கு உரிய பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய்க்காலை மண்வெட்டி பிடித்து வெட்டியவன் யார்? எண்ணெய் டின்னை முதுகில் சுமந்துகொண்டு வாராவாரம் ஓடை ஓடையாய்த் தெளித்தவன் யார்? அவனுக்கு எந்த ஊரிலும் கல்வெட்டு இல்லை.

துரைமார் இதற்குப் பணம் செலவழித்தது கருணையால் என்றும் யாரும் மயங்க வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து ஓர் ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவரச் செலவு உண்டு. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் பணம் கட்ட வேண்டும். வந்து இறங்கிய ஆள் ஆறு மாதத்தில் மண்ணுக்குள் போனால் நஷ்டம் கம்பெனிக்கு. பேரேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் கொயினா மாத்திரை லயத்துக்கு வந்தது. இருந்தாலும் வந்தது, நாம் பிழைத்தோம்.

வைத்தியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் குடும்பங்கள் அறியும். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், 1943-இல் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மாண்டார்கள். போனவர் திரும்பவில்லை என்ற ஒரே வரிக் கதை, பழைய தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு.

சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பிள்ளை பெறும்போது இறந்துபோகும் தாய்மார் தொகை அன்றிருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இதைச் செய்தது கம்பத்துக்குக் கம்பம் போன அரசாங்க மருத்துவச்சியும், தடுப்பூசியும், குழாய்த் தண்ணீரும். மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா, உள்நாட்டில் 2018 முதல் இல்லை என்றே ஆகிவிட்டது. (குரங்கிலிருந்து தொற்றும் மலேரியா இன்னும் இருக்கிறது, காட்டோரத் தோட்டத்தில் இருப்பவர்கள் காய்ச்சல் கண்டால் அசட்டையாக இருக்க வேண்டாம்.)

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் திருநீறு பூசி, மந்திரித்து, மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, நாலாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. அதை நாம் கண்டிக்கிறோம். திருநீறு பூசுங்கள், பூசிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போங்கள்.

ஆக, வைத்தியம் நல்லதா கெட்டதா என்பது வழக்கு அன்று. நல்லது. அதன் செலவு யார் தலையில் விழுகிறது, அதன் லாபம் யார் மடியில் விழுகிறது என்பதே வழக்கு.

பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியைச் சொர்க்கமாக வருணிக்கவும் நாம் தயாராயில்லை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க முடியாதவன் மருந்துக் கொட்டகை வாசலில் நிற்க வேண்டும். டிரெஸ்ஸர் நாக்கை நீட்டச் சொல்வார். கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். “போ, வேலைக்குப் போ” என்பார். தலைவலிக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் ஒரே புட்டித் தண்ணீர். பாசாங்கு என்று ஒரு நோய் உண்டு. அதை அவர் மட்டுமே கண்டுபிடிப்பார். துரையின் முகத்தைப் பார்த்து நோயைத் தீர்மானித்த டிரெஸ்ஸர்களும் இருந்தார்கள். நடுநிசியில் அரிக்கன் விளக்கோடு லயத்துக்கு ஓடிவந்து பிரசவம் பார்த்து, காலையில் வழக்கம்போல் மருந்துக் கொட்டகையைத் திறந்த புண்ணியவான்களும் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று. அவர் இருந்தார். கூப்பிடு தூரத்தில் இருந்தார். பாம்பு கடித்தவனைக் காண்டாக் கட்டையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினாலும் போய்ச் சேருகிற தூரத்தில் இருந்தார்.

அவர் அங்கே இருந்ததற்குக் காரணம் சட்டம். ஆஸ்பத்திரி வைக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லிற்று. 1965-இல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. வெறும் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஊசி போடும் வழக்கத்துக்கு அது கடிவாளம் போட்டது. 1966-இல் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது. வீடு, பிள்ளை மடுவம், சுகாதாரம், ஆஸ்பத்திரி, வைத்தியம் ஆகியவற்றை முதலாளி செய்துதர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் தலைப்பு வாசகமே கூறுகிறது. படிக்காதவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

சட்டம் இருக்கிறது. மருந்துக் கொட்டகை எங்கே?

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் பணம் போட்டதும் அந்தப் புயலை எதிர்த்துத்தான். தோட்டம் துண்டானால் நிலம் இருக்கும், மரம் இருக்கும், பால் வடியும். முதலில் காணாமற் போவது மருந்துக் கொட்டகையும் பிள்ளை மடுவமும்தான். அவை பால் தருவதில்லை அல்லவா? பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நேரடி ஆள் போய்க் கான்ட்ராக்டர் ஆள் வந்தான். பக்கத்துப் பட்டணத்தில் சர்க்கார் கிளினிக் கட்டியதும், “அதுதான் ஒரு வெள்ளிக்குப் பார்க்கிறார்களே, நமக்கேன் இரட்டைச் செலவு?” என்று நிர்வாகங்கள் கை கழுவின. இன்றும் சில பெரிய தோட்டங்களில் மருந்தகமும் உதவியாளரும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. நாம் பேசுவது மற்றத் தோட்டங்களைப் பற்றி.

இனித்தான் கதையின் சுவையான கட்டம். மருந்துக் கொட்டகை நடத்தக் காசில்லை என்று முதலாளி உலகம் மூக்கால் அழுதுகொண்டிருந்த அதே காலத்தில், தோட்டப் பணம் பட்டணத்தில் ஆஸ்பத்திரி கட்டிற்று!

சைம் டார்பி என்ற பெயரைத் தோட்டத்து மக்கள் அறியாதிருக்க முடியாது. 1910-இல் மலாக்காவில் ரப்பர்த் தோட்டங்களை நிர்வகிக்கப் பிறந்த கம்பெனி அது. 2007-இல் கத்ரியும் கோல்டன் ஹோப்பும் அதனோடு கலந்தன. கத்ரி என்றால் நமது லாயாங் லாயாங் பக்கத்து உலு ரெமிஸ் வரையில் பேர் தெரியும். அதே குழுமம் சுபாங் ஜெயாவில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி வைத்திருந்தது. 2008 டிசம்பரில், தேசிய இருதய ஆஸ்பத்திரியின் 51 விழுக்காட்டுப் பங்கையே விலைக்குக் கேட்டது! ஏழை எளியவரின் இருதயத்துக்கு வைத்தியம் பார்க்க 1992-இல் அரசாங்கம் அமைத்த ஸ்தாபனம் அது. பொதுமக்கள் கொதித்தெழுந்தார்கள், அரசாங்கம் பின்வாங்கிற்று. 2013-இல் அக்குழுமம் ஆஸ்திரேலியாவின் ராம்சே கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. 2017-இல் தோட்டப் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்துபோக, ஆஸ்பத்திரித் தொழில் தாய்க் கம்பெனியிடம் நின்றது. 2023 முடிவில் அந்த ஆஸ்பத்திரிகள் சுமார் 570 கோடி வெள்ளிக்குக் கொலம்பியா ஏசியாவிடம் கைமாறின. ஐந்நூற்று எழுபது கோடி!

தூரத்துக் கதை வேண்டாம் என்பவர்கள் நமது ஜொகூரையே பார்க்கட்டும். குலிம் மலேசியா என்ற பெயரில் தோட்டம் வைத்திருக்கும் ஜொகூர் கார்ப்பரேஷன்தான், 1981-இல் ஜொகூர் பாருவில் முதல் ஆஸ்பத்திரியைத் திறந்து, கே.பி.ஜே. என்ற பெயரில் நாடு முழுவதும் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பரப்பிற்று. அந்தக் கிளை நமது குளுவாங் பட்டணம் வரையில் வந்தது.

ஆஸ்பத்திரி கட்டியது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. நாம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்வி. லயத்து வாசலில் இருந்தபோது பாரமாக இருந்த வைத்தியம், பட்டணத்துக்குப் போனதும் எப்படிப் பணம் காய்க்கும் மரமாயிற்று? வைத்தியம் மாறவில்லை. நோயாளி மாறினான். தோட்டத்தில் நோயாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டும். பட்டணத்தில் நோயாளி முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரின் கூலிக்கு 2006-இல் வந்த விதிகள் உச்சவரம்பு கட்டின. அறை வாடகைக்கும், மருந்துக்கும், பஞ்சுக்கும், கையுறைக்கும் அப்படி வரம்பு கட்டவில்லை. பில்லில் வீங்குவது எந்தப் பகுதி என்று கேட்க வேண்டுமா? 2024-ஆம் ஆண்டு இறுதியில் வைத்தியக் காப்புறுதிச் சந்தா ஏறிய ஏற்றத்தைக் கண்டு நடுத்தர வர்க்கமே அலறியது. பேங்க் நெகாரா தலையிட வேண்டியதாயிற்று. மாதச் சம்பளம் வாங்கும் பட்டணத்துக்காரர் பாடே இதுவானால், நிரை பிடித்துப் பால் வெட்டுகிறவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியுமா?

எனவே அவனுக்கு அந்த ஒரு வெள்ளி ஆஸ்பத்திரிதான் கதி. இப்போது சம்பவத்துக்கு வருகிறோம்.

குளுவாங்கிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி ஒரு தோட்டம். பேர் வேண்டாம், விவகாரம் முடியட்டும். அங்கே பால் வெட்டும் ஓர் அம்மாள், நமது உறுப்பினர், பத்து ஆண்டுகளுக்கு மேல் சேவை உள்ளவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கடுங்காய்ச்சல். உடம்பெல்லாம் முறித்துப்போட்டாற்போல் வலி. கம்பெனி டாக்டரின் கிளினிக் பட்டணத்தில் இருக்கிறது; இரவில் அது பூட்டிக் கிடக்கும். தோட்டத்து வண்டி கேட்டார்கள். டிரைவர் இல்லை என்று பதில் வந்தது. பக்கத்து லயத்துக்காரரின் வேனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி என்றார்கள். தினமும் வந்து இரத்தம் காட்டிப் போக வேண்டும் என்றார்கள். டிங்கியில் அதுதான் முறை. காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து அதிகம் என்பதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் மூன்று நாள் போய் வந்தார். பிழைத்துக்கொண்டார். டாக்டர்களுக்கும் தாதிமாருக்கும் நம் நன்றி உரித்தாகுக. அந்த இரவில் அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

ஐந்து நாளுக்கு எம்.சி. கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று அந்த அம்மாள் அதை ஆபீசில் நீட்டினார். “இது நம்முடைய டாக்டர் கொடுத்தது அல்ல, செல்லாது” என்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஐந்து நாளும் வேலைக்கு வரவில்லை என்று ஏட்டில் ஏறிற்று.

கணக்குப் போடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. சட்டப்படி 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. ஐந்து நாளுக்கு 326 வெள்ளி 90 காசு. வேன் வாடகை நாற்பது நாற்பதாக நாலு நடைக்கு 160 வெள்ளி. ஆஸ்பத்திரியில் நாலு முறைக்கு நாலு வெள்ளி. கூட்டினால் 490 வெள்ளி 90 காசு. துணைக்குப் போன கணவர் இழந்த கூலியை நாம் சேர்க்கவில்லை. ஒரு வெள்ளி வைத்தியம், ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் விழுங்கிவிட்டது!

இதில் ஆஸ்பத்திரி வாங்கியது நாலே வெள்ளி என்பதை மறக்க வேண்டாம். மிச்சம் 486 வெள்ளி 90 காசும் தூரத்தின் விலை. நிர்வாகத்தின் பிடிவாதத்தின் விலை.

இந்தப் பிடிவாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா? இல்லவே இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60F பிரிவை எடுத்துப் படியுங்கள். தொழிலாளியை டாக்டர் பார்க்கும் செலவு முதலாளியுடையது என்றே அது தொடங்குகிறது. கம்பெனி டாக்டர் பார்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நோயின் தன்மையையும் நிலைமையையும் பார்க்குமிடத்து, அந்த டாக்டர் நியாயமான நேரத்திலோ நியாயமான தூரத்திலோ கிடைக்காவிட்டால், பதிவு பெற்ற வேறெந்த டாக்டரும், அரசாங்க வைத்திய அதிகாரியும் கொடுக்கும் சான்று செல்லும். ஞாயிறு இரவு, கடுங்காய்ச்சல், பூட்டிய கிளினிக், இருபது கிலோமீட்டர். சட்டம் எழுதியவர்கள் நமது தோட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த வரியை எழுதினார்களோ என்று தோன்றுகிறது!

சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்தில் 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு, மேற்சொன்ன நாள்களோடு சேர்ந்தது அன்று. நோய் விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். அந்த அம்மாள் திங்கட்கிழமை விடியற்காலையிலேயே மண்டோருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். “மண்டோரிடம் சொன்னது ஆபீசில் சொன்னதாகாது” என்கிறார்களாம். வேலைக்கு வா என்று அதட்டும்போது மண்டோர் நிர்வாகத்தின் ஆள். நோய் என்று சொல்லும்போது மட்டும் அவர் யாரோ!

டிங்கி ஐந்து நாளில் போய்விடும். போகாத நோய்களுக்கு என்ன செய்வது? 2023-இல் எடுத்த தேசிய ஆய்வுப்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இது மற்றவர்களைவிட அதிகம். நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் கெட்டால் வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், இயந்திரத்தின் பக்கத்தில் படுக்க வேண்டும். சொக்சோவுக்குச் சந்தா கட்டி, தகுதியும் பெற்றவருக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் வாரம் மூன்று முறை தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது யார்? இருதயக் கோளாறு என்று குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்பினால், போக நூறு கிலோமீட்டருக்கு மேல். இயந்திரம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. போய்ச் சேர வழியில்லாதவனுக்கு இவை எல்லாம் இருந்தும் இல்லாததுபோல்தான்.

இன்னொன்று. நோய் வந்த பிறகு வைத்தியம் பேசுகிறோம். நோயை உண்டாக்கும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டாமா? களைக்கொல்லி தெளிப்பதை நாம் “மருந்தடித்தல்” என்கிறோம். என்ன கொடுமை! உயிரை வாங்கும் நஞ்சுக்கும் நம் தோட்டத்துப் பேச்சில் மருந்து என்றே பேர். பாராகுவாட் என்னும் அந்தக் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. அதை முதுகில் சுமந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். நகம் கழன்றது; மூக்கில் இரத்தம் வந்தது; கண் எரிந்தது. காலஞ்சென்ற ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களின் நிலையை 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. முடிவான தடை 2020 ஜனவரி முதல் தேதியில்தான் வந்தது. முதல் அறிவிப்புக்கும் முடிவான தடைக்கும் நடுவே 17 ஆண்டுகளுக்கு மேல்! அந்த ஆண்டுகளில் கெட்ட நுரையீரலுக்கும் தோலுக்கும் யார் பில் கட்டினார்கள்? நஞ்சு விற்றவனா? தெளிக்கச் சொன்னவனா? அரசாங்க ஆஸ்பத்திரி ஒரு வெள்ளிக்குப் பார்த்தது. அதாவது முதலாளி உண்டாக்கிய நோய்க்குப் பொதுமக்கள் வரிப்பணம் போயிற்று. “அரசாங்க வைத்தியம் மலிவு” என்று நிர்வாகம் மகிழ்வதன் உட்பொருள் இதுதான்.

நம்மோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களின் கதி இன்னும் மோசம். அவர்களுக்கு அந்த ஒரு வெள்ளிக் கட்டணமும் கிடையாது; வெளிநாட்டவர் கட்டணம், படுக்கையில் சேர்க்க முன்பணம். வேலையில் அடிபட்டால் சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கு 2019 ஜனவரியில்தான் வந்தது. “அவர்கள் வந்துதான் நம் பிழைப்புக் கெட்டது” என்று நம்மில் சிலர் முணுமுணுப்பது நமக்குத் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அப்படிப் பேசுவது அழகல்ல. நோயாளியைக் கைவிட்டுக் காசு மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை முதலாளி ஒருவனிடம் கற்றுக்கொண்டால், மற்றவனிடமும் அதையே காட்டுவான்.

டாக்டரையும் தாதியையும் எதிரியாக நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்வோம். 2021 ஜூலை 26-ஆம் தேதி கான்ட்ராக்ட் டாக்டர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி நின்றது நினைவிருக்கிறதா? படித்து முடித்து, கொரோனாக் காலத்தில் இரவு பகலாக உழைத்து, நிரந்தர வேலை கேட்டு நின்றார்கள். ஆறு மணி நேரம் காத்திருந்தோம் என்று கவுண்டரில் கோபப்படும் தோழர்கள், அந்தப் பக்கம் இருப்பவரும் நம்மைப்போலவே கான்ட்ராக்டுக்காரர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

“ரப்பர் விலை இருக்கிற நிலையில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா?” என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். விலை ஏறிய வருஷங்களில் மருந்துக் கொட்டகையைத் திறந்தார்களா என்று நாம் திருப்பிக் கேட்போம். நாம் ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரி கேட்கவில்லை. இரவு நேரத்தில் ஒரு வண்டியும் அதற்கு ஒரு டிரைவரும் வேண்டும். தனித்தனியே முடியாத தோட்டங்கள் நாலைந்து சேர்ந்தாவது பதிவு பெற்ற ஓர் உதவியாளரை வைக்க வேண்டும். அரசாங்க டாக்டர் கொடுத்த எம்.சி.யை மறுபேச்சின்றி ஏற்க வேண்டும். நெடுநாள் நோயாளிகளை வாரம் ஒரு முறையாவது கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வர வேண்டும். பால் ஏற்ற லோரி தவறாமல் வருகிறதல்லவா?

அந்த அம்மாளின் ஐந்து நாள் கூலிக்காகத் தொழில் இலாகாவில் மனுக் கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு அழைப்பு வந்ததும் கூடப் போவோம். அவரைப்போலவே எம்.சி. திருப்பிக் கொடுக்கப்பட்டவர்கள் பாலோ, நியோர், ரெங்கம், காஹாங் பக்கத்துத் தோட்டங்களிலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அப்படிப்பட்டவர்கள் அந்தக் காகிதத்தை ஆத்திரத்தில் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். எம்.சி., ஆஸ்பத்திரி அட்டை, அந்த மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நோயைத் தெரிவித்தீர்கள் என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். வேன்காரரிடம் வாடகைக்கு ஒரு ரசீதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.